ராமமூர்த்தி ஒத்திக்கு வீடு பார்த்த வரலாறு

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் சேலை விரித்துக் காட்டியவர் ராமமூர்த்தி. அவர் விரித்த சேலைகளை முனைக்கு முனை முடிச்சுப் போட்டால் காசி வரை போகும் என்று கடையில் சொல்வார்கள். யாரும் அளந்து பார்த்ததில்லை, யாரும் மறுத்ததுமில்லை. ஜரிகையை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் அதன் யோக்கியதை அவருக்குத் தெரிந்துவிடும். கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். டவுன் பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்காமல் அவர் இறங்கியதாக எந்தக் கண்டக்டரும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

இப்படிப்பட்ட மனிதரை ஏமாற்றத் தனித் திறமை வேண்டும். 2008-ஆம் வருஷம் அந்தத் திறமை உள்ள ஒருவன் கிடைத்தான். அவனுக்கு வேண்டிய உதவிகளில் முக்கால்வாசியை ராமமூர்த்தியே செய்து கொடுத்தார் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில், மனைவி வசுந்தராவோடு ஒத்திக்குக் குடியிருந்தார். அந்த வீட்டுக்குப் பதினேழு படி. ஒரு ஆள் ஏறும்போது இன்னொரு ஆள் இறங்க வேண்டுமென்றால் இருவரில் ஒருவர் மனம் மாறித் திரும்ப வேண்டும், அவ்வளவு குறுகல். அதில் ஐந்தாவது படியில் வசுந்தரா ஒரு நாள் வழுக்கி விழுந்தார். ஏற்கெனவே தேய்ந்திருந்த மூட்டு அதோடு முடங்கியது. பதினான்கு மாதமாக அந்த அம்மாள் தெருவைப் பார்க்கவில்லை. ஜன்னலில் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். சாயங்காலம் ராமமூர்த்தி வந்து தெருவை வாயால் வாசிப்பார். மல்லிகைப் பூ என்ன விலை, எந்த வீட்டில் வெள்ளையடித்தார்கள், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று வரிசையாகச் சொல்வார். வசுந்தரா கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் குறுக்கே கேட்டார்:

"என்னைக் கீழே இறக்க நாலு பேர் வர்றது ஒரே ஒரு தரம்தான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. மதுரையில் பல நூறு வருஷமாகத் தமிழுக்கு நடுவில் குடியிருக்கும் அந்த மொழி, வீட்டுக்குள்ளே மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நடமாடும். தமிழ் என்பது பால்காரருக்கும் கரண்டு பில்காரருக்கும். வாசகர் வசதிக்காக எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறோம்.

மனைவியின் கேள்வி ராமமூர்த்திக்குச் சோற்றில் கல்லாகக் கிடந்தது. தரைத்தளத்தில், உட்கார்ந்து போகிற கக்கூஸ் உள்ள வீடு ஒன்றை ஒத்திக்குப் பிடிப்பது என்று தீர்மானித்தார். ஒத்தி என்பது மதுரைக்காரர்கள் கைவிடாத ஏற்பாடு. ஒரு பெரிய தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது தொகை முழுசாகத் திரும்பி வந்துவிடும். இதில் ஒரே ஒரு நிபந்தனைதான். பணத்தை வாங்குகிறவன் வீட்டுக்காரனாக இருக்க வேண்டும்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மகன் சாய்பிரசாத் ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷப் பேச்சில் வழி சொன்னான். "புரோக்கர் எல்லாம் சீட்டிங்ப்பா. நெட்ல விளம்பரம் போடுங்க. ஃப்ரீ." அவனுக்கு வீட்டு மொழி புரியும், பேச வராது.

அப்படித்தான் ராமமூர்த்தி தெற்குவாசல் முத்துக்குமரனின் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார். முத்துக்குமரனுக்கு முப்பத்திரண்டு வயது, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணற்றில் தண்ணீர் வற்றியதால் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர். இலவச விளம்பரத் தளம் ஒன்றைத் திறந்துவைத்து, "சொல்லுங்கண்ணே, அடிக்கிறேன்" என்றார்.

ராமமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "சௌராஷ்டிரக் குடும்பம். கணவன், மனைவி இருவர் மட்டும். ஓய்வு பெற்றவர். மகன் சென்னையில் இன்ஜினியர். மனைவிக்கு மூட்டுத் தேய்மானம், படி ஏற இயலாது. தரைத்தளம் அவசரமாகத் தேவை. ரூபாய் இரண்டு லட்சம் ரொக்கமாகத் தயார்."

முத்துக்குமரன் தட்டுவதை நிறுத்தினார். "அண்ணே, வீடு கேக்குறீகளா, பொண்ணு கேக்குறீகளா?"

"விவரம் குறைஞ்சா நம்பிக்கை வராது தம்பி."

"யாருக்கு?"

"பாக்குறவங்களுக்கு."

பார்த்தவனுக்கு நம்பிக்கை வந்தது. நாலாம் நாள் போன் அடித்தது. எடுத்தால் சௌராஷ்டிரம்! மதுரைச் சௌராஷ்டிரம், அதிலும் மகால் பக்கத்து இழுவை.

"நமஸ்காரம். உங்க வீட்டுப் பேர் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அந்தச் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் இன்னார் இன்னாருக்கு என்ன முறை என்று கணக்குப் போட்டுவிடலாம். ராமமூர்த்தி சொன்னார். மறுமுனையில் ஒரு சந்தோஷக் கூச்சல். "அப்படின்னா என் அம்மா வழியில நீங்க எனக்கு மாமா!"

அவனுடைய வீட்டுப் பெயர் என்ன என்று ராமமூர்த்தி பதிலுக்குக் கேட்டிருக்கலாம். மாமா என்று கூப்பிட்ட பிறகு கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். சுரண்டிப் பார்க்காமல் அவர் வாங்கிய முதல் சரக்கு அது.

பெயர் கார்த்திகேஷ். பெங்களூரில் வேலை. விளாங்குடியில் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. தரைத்தளம்தான். ஒரே ஒரு படி. உட்காருகிற கக்கூஸ். வெளியாளுக்கு மூன்று லட்சத்துக்குக் குறைந்து விடமாட்டான், மாமாவுக்கு இரண்டு. அண்ணனோடு சின்னப் பாகத் தகராறு இருப்பதால் அக்கம்பக்கத்தில் மட்டும் விசாரிக்க வேண்டாம், அண்ணன் காதுக்குப் போனால் காரியம் கெட்டுவிடும்.

கேட்ட வீடு கேட்டபடியே அமைந்தது. அளவு எடுத்துத் தைத்தால் சட்டை பொருந்தத்தானே செய்யும்?

முத்துக்குமரன் மெயிலில் வந்த போட்டோக்களைத் திறந்து காட்டினார். முகம் கோணிற்று. "அண்ணே, ஆளைப் பாக்காமக் காசு போடாதீக."

"எங்க ஆளு தம்பி. எங்க பாஷையில பேசுறான்."

"பாஷையில என்னண்ணே இருக்கு? எங்க ஊர்லயுந்தான் அம்புட்டுப் பேரும் ஒரே பாஷை பேசுறோம். அதுக்காக ஒருத்தனை ஒருத்தன் நம்புறோமா?"

"உங்க பாஷை எல்லாருக்கும் தெரியும். எங்க பாஷை வெளியாளுக்கு வராது. வந்தா அவன் வெளியாள் இல்லை."

தர்க்கம் சுத்தமாக இருந்தது. முத்துக்குமரன் போட்டோக்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று ரூபாய்.

ராமமூர்த்தி கண்மூடித்தனமாக நடந்துகொண்டார் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் மாறி விளாங்குடிக்குப் போனார். போட்டோவில் இருந்த அதே வீடு. கதவு சாத்தியிருந்தது. கடையில் இருபது வருஷம் உபயோகித்த இஞ்ச் டேப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, குனிந்து, வாசற்படியை அளந்தார். ஐந்து அங்குலம். வசுந்தராவின் கால் ஐந்து அங்குலம் தாண்டுமா என்று வீட்டுக்கு வந்து ஒரு பலகையை வைத்துச் சோதித்தார். தாண்டியது. அதற்கு மேல் விசாரிக்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கார்த்திகேஷ் தினமும் சாயங்காலம் பேசினான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, மூட்டைப் பற்றிப் பத்து வார்த்தை. "அத்தைகிட்டே கொடுங்க மாமா" என்பான். வசுந்தரா கால் மணி நேரம் பேசுவார். என்ன சமையல், எந்தக் கால் அதிகம் வலிக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா என்று அவன் கேட்பான். பதினான்கு மாதத்தில் வேறு யாரும் இடது காலா, வலது காலா என்று கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு வசுந்தரா சிரித்துக்கொண்டே இருப்பார். ராமமூர்த்தி தன் செல்போனில் அந்த எண்ணுக்கு 'மாப்ள' என்று பெயர் போட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் காலி செய்வதாக ராமமூர்த்தி சொன்னதால், குடியிருந்த மாடி வீட்டின் சொந்தக்காரர் ஒத்திப் பணம் ஒன்றேகால் லட்சத்தை முன்கூட்டியே கொடுத்தார். கடையில் வந்த ஓய்வுப் பணம் முக்கால் லட்சம். இரண்டும் சேர்ந்து பெங்களூர் பேங்க் ஒன்றுக்குப் போயின. கணக்கு வேறு யாரோ பெயரில் இருந்தது. "ஆபீஸ் கணக்கு மாமா, வரி பிரச்சினை" என்றான். வரி என்றால் ராமமூர்த்திக்கு எப்போதுமே பயம்.

ஐந்தாம் நாள் கூரியரில் சாவி வந்தது. நம் நாட்டில் திருடர்கள் பொதுவாகச் சாவியைக் கொண்டுபோவார்கள். அனுப்பிவைத்தவன் இவன் ஒருவன்தான். கூடவே ஒரு துண்டுக் காகிதம், தமிழ் எழுத்தில் சௌராஷ்டிரம்: 'அத்தை, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வாருங்கள்.' வசுந்தரா அதை நாலு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சுவதாக முடிவாயிற்று. சந்தில் இருந்த நாலு பேர் வசுந்தராவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பதினேழு படியும் இறக்கினார்கள். "பெரியம்மா, சாமி சப்பரத்துல போறாப்ல இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "சாமிக்கு இம்புட்டுக் குலுங்காதுய்யா" என்று வசுந்தரா தமிழிலேயே திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்ததில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆட்டோவில் அந்த அம்மாள் வாய் மூடவில்லை. இந்தக் கடை எப்போது வந்தது, அந்த மரம் எங்கே போயிற்று, சிம்மக்கல்லில் இவ்வளவு கூட்டம் எதற்கு? ராமமூர்த்தி பதினான்கு மாதமாக வாசித்துக் காட்டிய தெருவில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு என்பது அன்றைக்கு வெளிப்பட்டது. வசுந்தரா அதற்காகக் கோபப்படவில்லை.

விளாங்குடியில் ஆட்டோ நின்றது. வசுந்தரா யார் கையையும் பிடிக்காமல், சுவரில் உள்ளங்கையை ஊன்றி, அந்த ஐந்து அங்குலத்தை வலது காலால் ஏறி நின்றார். ராமமூர்த்தி சாவியைப் போட்டார். நுழையவில்லை. திருப்பிப் போட்டார். துடைத்துப் போட்டார். கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"என்னங்க, எங்க வீட்டுப் பூட்டை நோண்டிக்கிட்டு நிக்கிறீக?" என்று கேட்டவர் மலையம்மாள். ஐம்பது வயதிருக்கும், கையில் அரிவாள்மனையோடு வந்திருந்தார்.

"இது... நாங்க ஒத்திக்கு எடுத்த வீடும்மா. இன்னைக்குப் பால் காய்ச்சுறோம்."

"பாலா? பன்னெண்டு வருஷமா இந்த வீட்ல நாந்தேன் காய்ச்சிக்கிட்டிருக்கேன்."

அவர் கணவர் நல்லகாமன் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராமமூர்த்தி நீட்டிய பிரிண்ட்களை டிக்கெட் பரிசோதிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வீடு எங்களுதுதேன். போன வருஷம் ஒரு பாகத்தை வாடகைக்கு விடலாம்னு எங்க மக மீனா இண்டர்நெட்ல போட்ட போட்டோ. எவனோ எடுத்து விளையாண்டுருக்கான்." பிறகு மெதுவாகக் கேட்டார், "காசு குடுத்துட்டீகளா?"

ராமமூர்த்தி தலையை ஆட்டினார்.

"எம்புட்டு?"

அவர் சொன்னார். நல்லகாமன் பிரிண்ட்களை அடுக்கி, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மலையம்மாள் வசுந்தராவையும், வசுந்தரா மார்போடு அணைத்திருந்த பால் செம்பையும் பார்த்தார். அரிவாள்மனையைக் கீழே வைத்தார். "உள்ள வாங்கம்மா. காய்ச்சக் கொண்டாந்த பாலைப் பச்சையாத் திருப்பிக் கொண்டுபோறதாவது?"

அடுப்பில் பால் நன்றாகப் பொங்கியது. நாலு பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் காப்பி குடிப்பதுபோலக் குடித்தார்கள். அப்புறம் வசுந்தரா, வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மலையம்மாள் தோள் கொடுத்து ஒவ்வோர் அறையாகக் காட்டினார். கக்கூஸ் போட்டோவில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. முன் அறையில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. அதன் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி வசுந்தரா உட்கார்ந்தார். தள்ளுவண்டியில் கீரை போயிற்று. ஒரு நாய் படுத்தது, எழுந்தது, வேறு இடத்தில் படுத்தது.

"போகலாமா?" என்றார் ராமமூர்த்தி.

"கொஞ்சம் இருங்க."

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார்.

அதே நாலு பேர், அதே நாற்காலி. ஏற்றும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

பழைய வீட்டுக்காரர் இரக்கப்பட்டு, மாத வாடகைக்கு அங்கேயே இருக்கச் சொன்னார். மகன் பத்தாயிரம் அனுப்பி, 'யாராவது நெட்ல இப்படிப் பணம் போடுவாங்களா' என்ற கேள்வியையும் இலவசமாக அனுப்பினான். ராமமூர்த்தி முத்துக்குமரனைக் கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போனார். கூரியர் சாவி ஒரு கவரில், பிரிண்ட்கள் ஒரு கவரில். துண்டுக் காகிதம் மட்டும் சட்டைப் பையில்.

சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். எழுதிக்கொண்டே கேட்டார். "எத்தனை தடவை பேசுனான்?"

"தினமும் சார்."

"தினமுமா? என்ன பேசுவான்?"

"என் மனைவியோட மூட்டு வலி பத்தி."

பேனா நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "சிம் கார்டு பொய் அட்ரஸ்ல இருக்கும். பேங்க் கணக்கும் அப்படித்தான். அதை வச்சு ஒண்ணும் புடுங்க முடியாது. ஆளு எந்த ஊருன்னு பிடி கிடைச்சாத்தான் உண்டு. என்ன பாஷையில பேசுனான்? ஹிந்தியா, இங்கிலீஷா? உங்க ஆளுக பாஷையா? உங்க பாஷைன்னா சொல்லுங்க, ஒரு வாரத்துல கோழி அமுக்குற மாதிரி அமுக்கிருவோம். மதுரையை விட்டுப் போயி பெங்களூர்ல இருக்க உங்க பயலுக எம்புட்டுப் பேரு இருக்கப் போறானுக?"

முத்துக்குமரன் வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் ராமமூர்த்தியின் கை அவர் தொடையை அழுத்திப் பிடித்தது.

"தமிழ்தான் சார்" என்றார் ராமமூர்த்தி. "மெட்ராஸ் தமிழ்."

அப்படியே எழுதப்பட்டது. அவர் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் சந்திப்பிழை திருத்தி, கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் முத்துக்குமரன் பொரிந்தார். "ஏண்ணே? ஒரு வாய்ச்சொல்லுதானண்ணே! சட்டைப் பையில சீட்டு வேற வச்சுக்கிட்டு..."

"நாளைக்குப் பேப்பர்ல வரும் தம்பி. சௌராஷ்டிரக்காரனை சௌராஷ்டிரக்காரனே ஏமாத்துனான்னு. கொட்டை எழுத்துல."

"வரட்டும்!"

"இத்தனை தலைமுறையா இந்த ஊர்ல இருக்கோம். களவாணின்னு எங்களை ஒருத்தர் சொன்னதில்லை."

இது எந்த அளவுக்குச் சரியான புள்ளிவிவரம் என்பது தெரியவில்லை. ராமமூர்த்தி அதை நம்பினார்.

முத்துக்குமரன் வண்டியில் சாவியைப் போட்டுவிட்டுக் கிளப்பாமல் நின்றார். "எங்க ஆளுகளை வெள்ளைக்காரன் காலத்துல மொத்தமாக் களவாணின்னு எழுதி, அம்புட்டுப் பேருகிட்டயும் கைரேகை வாங்குனான். அதுக்குப் பெறகு நாங்க சோறு திங்காமலா இருக்கோம்? பேரு போனாப் போகுதுண்ணே. பெரியம்மா கீழ வரணுமா, வேண்டாமா?"

ராமமூர்த்தி பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டில் வசுந்தரா கட்டிலில் சாய்ந்திருந்தார். "என்ன கேட்டாங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். மறைத்துப் பழக்கமில்லாதவர், அதனால் மறைத்ததையும் சொன்னார். ஏன் என்பதையும் விளக்கினார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, நாலாக எட்டாகக் கிழித்து, தான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதுபோல ஜன்னல் வழியாகப் போட்டார்.

வசுந்தரா குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம் சொன்னார்: "நான் இனிமே கீழே வரவேண்டாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவர் வீட்டு மொழியில் கணவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலையில் ராமமூர்த்தி வழக்கம்போல அந்த மொழியில் காப்பி கேட்டார். "கொஞ்சம் பொறுங்க, பால் இன்னும் வரலை" என்று தமிழில் பதில் வந்தது. பால்காரரிடம் பேசுகிற அதே தமிழ். முகத்தில் கோபம் இல்லை. குரலும் உயரவில்லை. அன்றைக்கு மட்டும் என்று அவர் நினைத்தார். ஒரு வாரம் கழித்து, விளையாட்டு என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்து நினைப்பதை விட்டுவிட்டார்.

ராமமூர்த்தி மறுபடி கடைக்குப் போகத் தொடங்கினார், பாதிச் சம்பளத்துக்கு. முதலாளி நல்லவர், உட்கார ஸ்டூல் கொடுத்திருக்கிறார். சமூகத்தின் மானத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. அதை அவர் காப்பாற்றினார் என்பது சமூகத்தில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பதினேழு படி ஏறி வந்து, கட்டிலின் அருகே உட்கார்ந்து, மல்லிகை என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று அவர் தன் மொழியில் சொல்வார். முன்னைப்போல இட்டுக்கட்டிச் சொல்வதில்லை. பார்த்ததை மட்டும் சொல்வார். சில சமயம் பாதியில் நிறுத்தி, மனைவி ஏதாவது கேட்பாரா என்று முகத்தைப் பார்ப்பார்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்பார் வசுந்தரா தமிழில். "எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க."